கம்பிக்குள்ளேயிருந்து வந்த சத்தம்

அவளுக்குத் தரம்மா என்று பெயர் வைத்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. சிறைச்சாலை மருத்துவப் பிரிவில் அவள் தர அதிகாரி. 'தரம் அம்மா வர்றாங்க' என்று எவனோ சொல்லப்போக, அது வாய்க்கு வாய் தேய்ந்து தரம்மா ஆகிவிட்டது. "பேருதான் தரம்மா. ஒரு நாள் லீவு கேட்டுப் பாரு, தரமாட்டாம்மா" என்று நர்சுகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவள் காதிலும் விழும். விழாத மாதிரிப் போய்விடுவாள். லீவையும் தரமாட்டாள்.

அப்படி என்ன பெரிய வேலை என்று கேட்பீர்கள். ஊசி போடுகிறவள் கை கழுவினாளா, மாத்திரை வாங்கினவன் விழுங்கினானா இல்லை கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து அறைக்கு விற்றானா, வார்டுக்குள் போன கத்தரிக்கோல் திரும்பி வந்ததா, சர்க்கரை நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டை மறந்தார்களா. இதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். எது எங்கே தப்பாகப் போகும் என்று போவதற்கு முன்னாலேயே மோப்பம் பிடிக்க வேண்டும். அந்தப் புத்தி வீட்டுக்குப் போனாலும் விடாது. குளியலறையில் ஈரத்தைப் பார்த்தால் இடுப்பெலும்பு முறிந்தவர் கதை, பேரன் பேத்தி பிறக்கும் முன்பே மின்சாரப் பிளக்குகளுக்கு மூடி. "உன்கூட நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியுதா? தொண்டையில சிக்கிச் செத்தவன் கதையைக் கேட்டுட்டுதான் எந்திரிக்க வேண்டியிருக்கு" என்பார் டயர் கடை வைத்திருக்கும் கணவர்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் வருவதற்கு முன் அந்த மருத்துவப் பிரிவு இருந்த கேடு இருக்கிறதே, நாய் கூட நுழையாது. தலைவலிக்கும் அதே வெள்ளை மாத்திரை, கால்வலிக்கும் அதே வெள்ளை மாத்திரை. அதையும் கம்பிக்கு வெளியே நின்று காவலர்கள் வீசுவார்கள், உள்ளே இருப்பவன் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் தரையில் தேட வேண்டும். அவள் வந்து சண்டை போட்டாள். கத்தினாள், கெஞ்சினாள், மேலிடத்துக்கு நடையாய் நடந்தாள். மாத்திரை கைக்குக் கை வந்தது. காசநோய்க்காரர்களுக்குக் காற்றோட்டமான தனி அறை வந்தது. நல்லது செய்தவள்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

இதற்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல் தரச் சான்று ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெரிய மருத்துவமனைகள் வாசலில் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்குமே, அது. சூப்பிரண்டு முதலில் சிரித்தார். "ஜெயிலுக்கு எதுக்கும்மா சான்றிதழ்? நல்லா கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சா கூட்டம் சேர்ந்துடப் போகுது." அப்புறம் அவருக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. ஆய்வுக்குழு வருவதாகத் தேதி குறித்தார்கள்.

இந்தக் கதைக்கு இன்னொரு ஆள் வேண்டும். அவர்தான் சம்பந்தி.

சிறையின் இரண்டாம் தொகுதிக்குத் தலைமைக் காவலர் அவர். ஆறடி உயரம், மீசை, அந்த மீசைக்குச் சம்பந்தமே இல்லாத குழந்தைச் சிரிப்பு. சிறை வாசலில் அவரும் தரம்மாவும் பேசிப் பேசியே அவர் பையனுக்கும் இவள் பெண்ணுக்கும் முடிச்சுப் போட்டார்கள். "ஊர்ல எல்லாரும் மண்டபத்துல சம்பந்தம் பேசுவாங்க, நாங்க ஜெயில்ல பேசினோம்" என்று போகிற இடமெல்லாம் சொல்வார். கல்யாணமாகி முதல் வருஷம். பெண்ணைக் கொடுத்த இடம் என்பதால் அவரிடம் மட்டும் தரம்மா குரல் ஒரு படி இறங்கும். அவரும் "சம்பந்தியம்மா" என்று மரியாதை குறையாமல் கூப்பிடுவார்.

அந்த மனிதருக்கு ஒரு பைத்தியம், நடிப்பு. சின்ன வயதில் நாடகக் கம்பெனியில் சேரப் போய் அப்பாவிடம் அடி வாங்கித் திரும்பியவர். அந்தத் தாகத்தைத் தரம்மாவின் அவசரப் பயிற்சிதான் தீர்த்து வைத்தது. மாதம் ஒருமுறை, யாருக்கோ நெஞ்சுவலி வந்ததாகப் பாவனை செய்து, மருத்துவக் குழு எப்படி ஓடி வருகிறது என்று பார்ப்பார்கள். நோயாளி வேஷம் எப்போதும் சம்பந்திக்குத்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவார், சுவரில் சரிவார், "ஐயோ, என் பிள்ளைங்க" என்று ஒரு வசனமும் விடுவார். கம்பிக்குள் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். விசில் கூடப் பறக்கும்.

பயிற்சிக்கு நடுவில் யாருக்காவது உண்மையிலேயே ஏதாவது ஆகிவிட்டால்? தரம்மா அதையும் யோசித்து வைத்திருந்தாள். 'நிஜம்' என்று ஒரே ஒரு வார்த்தை. பார்த்தவர் யாராக இருந்தாலும் 'நிஜம், நிஜம்' என்று கத்த வேண்டும். அந்த நொடியே பயிற்சியை நிறுத்திவிட்டு உண்மையான சிகிச்சையைத் தொடங்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காவலர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது கம்பிக்குள் இருந்தவர்களுக்கும் காது இருந்தது. பொழுது போகாத பிள்ளைகள் கையில் பட்டாசு கிடைத்தால் சும்மா இருப்பார்களா? ஒரு பயிற்சியின்போது சம்பந்தி அழகாகச் சரிந்து விழ, இரண்டாம் தொகுதி முழுக்க "நிஜம்! நிஜம்!" என்று கத்தித் தீர்த்துவிட்டது. டாக்டர் பதறி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். வெளிக்கதவு திறந்தது. சூப்பிரண்டு செருப்பு மாட்டாமல் ஓடி வந்தார். சம்பந்தி எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றதும் உள்ளே எழுந்த சிரிப்பு இருக்கிறதே, கூரை பிய்த்துக்கொண்டது.

தரம்மாவுக்கு மானம் போயிற்று. மறுநாள் காலை அணிவகுப்பில் காவலர்கள் முன்னால் நின்று, "கம்பிக்குள்ள இருந்து வர்ற சத்தத்தை இனிமே யாரும் எடுத்துக்க வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று அவளும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆய்வுக்குழு வந்த முதல் நாளே பயிற்சியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். குழுவின் தலைவி நரைத்த தலையோடு ஒரு மூத்த டாக்டரம்மா. சிரிக்க மாட்டார், சீறவும் மாட்டார். இன்னொருவர் மருந்தறையைப் பார்க்கப் போய்விட்டார்.

இரண்டாம் தொகுதிக்குப் போகும் வழியில் சம்பந்தி சுவரோரம் நின்று நெஞ்சை நீவிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை.

"என்ன சம்பந்தி, இப்பவே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள் தரம்மா.

"வாயு சம்பந்தியம்மா. காலையிலேருந்து ஒரு மாதிரி அடைக்குது."

அவளுக்கு அன்றைக்கு ஆயிரம் கவலை. முகத்தைப் பார்த்தாள், பார்த்தும் பார்க்கவில்லை. "முகத்தை அப்படியே வச்சுக்குங்க, பொருத்தமா இருக்கு. முடிஞ்சதும் ஒரு மாத்திரை தரச் சொல்றேன்" என்றாள். அவரும் அந்தக் குழந்தைச் சிரிப்பைச் சிரித்துவிட்டு நடந்தார். இருபது வருஷம் இதய நோயாளிகள் வார்டில் வேலை பார்த்த நர்ஸ் அவள் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். யாரோ ஒரு கைதி அப்படி வியர்த்துக்கொண்டு நின்றிருந்தால் கூட நாடி பிடித்துப் பார்த்திருப்பாள். நாடகம் பார்க்க வந்த கண்ணுக்கு எல்லாமே நாடகம்.

நீளமான நடை, இரண்டு பக்கமும் கம்பி போட்ட அறைகள். ஏழாம் அறைக்கு முன்னால் சம்பந்தி விழுந்தார். இந்தத் தடவை தடுமாறவில்லை, சுவரில் சரியவில்லை. வெட்டிய மரம் மாதிரி நேராக விழுந்தார். வசனமும் வரவில்லை. முனகல்தான் வந்தது.

'இன்னிக்குப் புதுசா பண்றாரே, பரவாயில்லையே' என்று நினைத்தாள் தரம்மா. நினைத்தாளே பாவி!

மணி அடித்தது. டாக்டரும் சின்ன நர்சும் பயிற்சிப் பையோடு ஓடி வந்தார்கள். பயிற்சிப் பை என்றால் அதில் இருக்கிற ஆக்சிஜன் உருளை காலி. நின்றுபோன இதயத்தைத் தட்டி எழுப்பும் ஷாக் பெட்டியும் பொம்மைப் பெட்டிதான். பட்டனை அமுக்கினால் ஒரு பெண் குரல் பேசும், மின்சாரம் வராது. உயிருள்ள ஆளின் நெஞ்சை உண்மையாக அமுக்கினால் விலா ஒடியும் என்பதால், பயிற்சியில் கையை மெதுவாக வைத்து வைத்து எடுப்பார்கள். டாக்டர் அப்படித்தான் வைத்து வைத்து எடுத்தார். சின்ன நர்ஸ் ஷாக் பெட்டியின் பட்டையைச் சட்டைக்கு மேலேயே ஒட்டினாள்.

"நிஜம்!" என்று ஒரு குரல் உள்ளேயிருந்து வந்தது.

தரம்மாவுக்குச் சுருக்கென்றது. இன்றைக்குப் போய் ஆரம்பித்துவிட்டார்களே!

"நிஜம்மா! நிஜம்!" ஏழாம் அறையில் தொடங்கி எட்டு, ஒன்பது, எதிர்வரிசை என்று பற்றிக்கொண்டது. தட்டால் கம்பியைத் தட்டினார்கள். தலைவி அம்மாள் புருவத்தைத் தூக்கினார். தரம்மா அவரிடம் குனிந்து, "இது வழக்கமா நடக்கறதுதான் மேடம். விளையாட்டுப் பண்ணுவாங்க. எங்க ஆளுங்க கண்டுக்க மாட்டாங்க, அதுக்கும் பழக்கியிருக்கோம்" என்றாள். பெருமையாகவே சொன்னாள். தலைவி தலையை அசைத்தார்.

"அதிர்ச்சி கொடுக்கப்பட்டது. நோயாளியைக் கவனிக்கவும்" என்றது பொம்மைப் பெட்டி.

நடையின் கோடியில் நின்ற காவலர்கள் இரண்டு பேர் லேசாகக் கைதட்டினார்கள்.

அப்போதுதான் ஏழாம் அறைக்காரன், ஒல்லியான ஒரு தையல்காரன், விசாரணைக் கைதி, கம்பிக்குள்ளேயிருந்து தோள்வரை கையை வெளியே விட்டுச் சம்பந்தியின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அலறினான். "அடப் பாவிங்களா, கீழ பாருங்கடா! ஆளு நனைஞ்சுட்டாருடா! நடிக்கிறவன் ஒண்ணுக்குப் போவானாடா?"

தரம்மா பார்த்தாள். காக்கிக் கால்சட்டையின் முன்பக்கம் கறுத்திருந்தது. ஈரம் சிமெண்டுத் தரையில் மெல்லப் பரவி டாக்டரின் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

அவளுக்குக் கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இத்தனை வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு வார்த்தை அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் நின்றாளோ, ஒரு மூச்சுக்கு மேல் இருக்காது. அப்புறம் அவள் போட்ட கூச்சலில் வெளிவாசல் காவலுக்கே தூக்கிவாரிப் போட்டதாம்.

"நிஜம்! நிஜம் டாக்டர்! அமுக்குங்க! விலா ஒடிஞ்சாலும் பரவாயில்ல, அமுக்குங்க!"

டாக்டர் ஒரு நொடி திகைத்தார். பிறகு அமுக்கினார். சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. உண்மையான பை மருந்தறையில் இருந்தது. தரம்மா ஓடினாள். ஐம்பது வயதுக்கு மேல், முட்டிவலியோடு, புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நடுவில் இரட்டைக் கதவு. ஒன்று முழுசாக மூடினால்தான் மற்றது திறக்கும். அது மூடும் நேரத்தில் அவள் கம்பியைப் பிடித்து உலுக்கியதில் உள்ளங்கை கிழிந்தது. அது அவளுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

மருந்தறையில் இன்னொரு ஆய்வாளர் நின்றிருந்தார். அவசரப் பையின் சிவப்பு முத்திரை உடையாமல் இருக்கிறது என்று மருந்தாளுநர் அப்போதுதான் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பையைக் குடு!"

"அம்மா, முத்திரை..." மருந்தாளுநர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "தலையே போனாலும் கை வைக்காதேன்னு நீங்கதானேம்மா..."

"தலைதான்யா போகுது அங்க!" பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

உண்மையான ஷாக் பெட்டி பேசியதும் அதே பெண் குரல்தான். ஆனால் இந்தத் தடவை சம்பந்தியின் ஆறடி உடம்பு தரையிலிருந்து ஒரு துள்ளுத் துள்ளியது. கம்பிக்குள் ஒரு சத்தமில்லை. தட்டைத் தட்டினவர்கள் தட்டைப் பிடித்தபடியே நின்றார்கள். இரண்டாவது தடவைக்கு அப்புறம் டாக்டர் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்து, "இருக்கு" என்றார். குரல் உடைந்துவிட்டது அவருக்கு. சின்னப் பையன்தான் அவரும்.

பெரிய மருத்துவமனையின் தீவிரச் சிகிச்சைப் பிரிவு வாசலில் மகள் ஓடி வந்து தரம்மாவின் தோளில் விழுந்தாள். "மாமாவுக்கு என்னம்மா ஆச்சு? நீதானே கூட இருந்தே?" சம்பந்தியின் மனைவி அழவில்லை. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து இவளையே பார்த்தார். "உங்க கண்ணு முன்னாடியா விழுந்தாரு?" என்றார்.

"ஆமா."

"அப்ப நல்ல நேரம்தான். வேற எங்கயாவது விழுந்திருந்தா யாரு பார்த்திருப்பா?"

தரம்மாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அடைப்பை எடுத்துவிட்டோம், இன்றைய இரவு தாண்டினால் பயமில்லை என்று டாக்டர்கள் வந்து சொன்னார்கள். தாண்டியது.

மறுநாள் தலைவி அம்மாள் தரம்மாவைத் தனியே கூப்பிட்டு, "எத்தனையோ இடத்துல பயிற்சி பார்த்திருக்கேன். நிஜமான ஆபத்துல ஒரு குழு எப்படி மீண்டு வந்துச்சுன்னு நேத்துதான் பார்த்தேன். கொஞ்சம் தாமதம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆளைக் காப்பாத்திட்டீங்க. நாளைக்குக் கடைசிக் கூட்டத்துல நல்ல சேதி கேப்பீங்க" என்றார். வேறொரு நாளாக இருந்தால் தரம்மா வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பாள். "நன்றி மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

நன்றி சொல்ல வேண்டிய இடம் வேறு என்று மனசு அரித்தது. மத்தியானம் தனியாக இரண்டாம் தொகுதிக்குப் போனாள். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஏழாம் அறையில் தையல்காரன் சுவரில் சாய்ந்து சட்டைக் காலரைப் பல்லால் நூல் அறுத்துத் தைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து எழுந்தான்.

"நீ கத்தலைன்னா அவர் இல்லப்பா. உனக்கு என்ன வேணும், கேளு. என்னால ஆனதைச் செய்யறேன்."

"ஒண்ணும் வேணாம்மா. பிழைச்சுட்டாரா?"

"பிழைச்சுட்டார்."

"நல்லதும்மா." கொஞ்சம் தயங்கினான். "நீங்க திரும்பிப் பார்ப்பீங்கன்னே நெனைக்கல. நாங்க கத்தினா யாரும் வர மாட்டாங்களே."

"ஏன் வர மாட்டாங்க?"

"கம்பிக்குள்ள இருந்து வர்ற சத்தத்தை எடுத்துக்கக் கூடாதுன்னு உத்தரவாமே."

"அது பயிற்சி நடக்கும்போதுப்பா! அந்த நேரத்துக்கு மட்டும்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். அணிவகுப்பில் தான் சொன்ன வாக்கியத்தை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். 'பயிற்சி நேரத்தில்' என்ற வார்த்தை அதில் இல்லை. எங்கே தேடினாலும் இல்லை.

"அப்படியாம்மா? எங்களுக்கு எப்படித் தெரியும்?" தையல்காரன் அறையின் மறுபக்கச் சுவரைக் காட்டினான். "போன மாசம் என்கூட இருந்த பெரியவர் போனாரே, அன்னிக்குப் பயிற்சி எதுவும் இல்லையே. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் படுத்த நேரம். நெஞ்சு எரியுதுன்னாரு. தண்ணி குடுத்தேன். அப்புறம் கை வலிக்குதுன்னாரு. கத்தினேம்மா. ஐயா, ஐயான்னு கத்தினேன். யாரும் வரல. அப்பதான் எதிர் அறைக்காரன் சொன்னான், அந்தம்மாவோட வார்த்தையைச் சொல்லிக் கத்துடா, அதுக்கு வருவாங்கன்னு. நிஜம் நிஜம்னு எல்லாரும் கத்தினோம். தொண்டை கட்டற வரைக்கும் கத்தினோம். சாயங்காலம் ஆள் எண்ண வந்தப்பதான் கதவைத் திறந்தாங்க. அவர் தலை என் மடியில இருந்துச்சு. ரொம்ப நேரமாவே சூடு இல்ல."

தரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போன மாதம் அந்தச் சாவை விசாரித்தவளே அவள்தான். வயசானவர், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று காவலர்கள் சொன்னார்கள். சரி என்று முடித்துவிட்டாள். உள்ளே இருந்தவர்களைக் கேட்கவில்லை. கம்பிக்குள்ளேயிருந்து வரும் சத்தத்தை அவளும்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு டியூட்டியில யாருப்பா?"

தையல்காரன் ஊசியைக் காலரில் குத்தி வைத்தான். "அவர் முதல்ல எந்திரிச்சு நடக்கட்டும்மா" என்றான்.

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. "அவர்னு தெரிஞ்சுமா... அப்புறம் ஏன்ப்பா அவருக்காகக் கத்தினே?"

"என்னம்மா கேள்வி இது?" அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "கண்ணு முன்னாடி ஒரு ஆளு சாகறான். கத்தாம என்ன பண்றது?"

அன்று சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் தரம்மா சம்பந்தியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீசை தொங்கி, முகம் சுருங்கி, பத்து வயது கூடியிருந்தது. பேசினால் ஒடிந்த விலா வலிக்கும். ஆனாலும் சிரிக்கப் பார்த்தார்.

"என்ன சம்பந்தியம்மா, நடிப்பு எப்படி?"

"சும்மா இருங்க சம்பந்தி."

"நிஜம்னு யாரு கண்டுபிடிச்சது? டாக்டரா?"

"இல்ல. கம்பிக்குள்ள இருந்து கத்தினாங்க. ஏழாம் அறைத் தையல்காரன்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. விட்டத்தைப் பார்த்தார். மானிட்டர் கீச்சு கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. "அன்னிக்கும் அவன்தான் கத்தினான்" என்றார்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம என்ன? நடைக்கோடி நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன். நல்லாக் கேட்டுச்சு. மறுபடி புலி வருதுங்கறானுங்கன்னு நெனச்சேன். எந்திரிச்சுப் போகலாமான்னு கூட ஒரு தடவை தோணிச்சு." மூச்சு வாங்கினார். "நீங்கதானே சம்பந்தியம்மா சொன்னீங்க, எடுத்துக்க வேண்டாம்னு."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"நாளைக்குக் கடைசிக் கூட்டம்" என்றாள். "அதுல இதைச் சொல்லப் போறேன். நான் அணிவகுப்புல சொன்னதையும் சொல்லப் போறேன், நீங்க நாற்காலியில உட்கார்ந்திருந்ததையும் சொல்லப் போறேன்."

"சான்று போயிடுமே."

"போகட்டும்."

"என் வேலையும் போகும். உங்க வேலையும்தான்." அவர் தலையைத் திருப்பினார். "உங்க பொண்ணு என் வீட்டுல வாழுறா சம்பந்தியம்மா."

"தெரியும்."

மிரட்டலாகச் சொல்லவில்லை அவர். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வருகிற இடியைத்தான் சொன்னார். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கப் பார்த்தார், ஊசி குத்திய கை, தூக்க முடியவில்லை. அவளே துடைத்துவிட்டாள்.

"சொல்லுங்க" என்றார் கடைசியில். "அவன் எனக்காகக் கத்தியிருக்கானே. சொல்லிடுங்க." பிறகு மெதுவாக, "அந்தப் பெரியவருக்குப் பொண்டாட்டி இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க. உடம்பை வாங்க வந்தாங்க. தூக்கத்துலயே போயிட்டார், கஷ்டமே படலைன்னு நான்தான் சம்பந்தி அவங்ககிட்டச் சொன்னேன். அவங்க என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, நீ நல்லா இருப்பேம்மான்னு சொல்லிட்டுப் போனாங்க."